டெக்சஸ் ஒப்பந்தங்களும் அடிமைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தை (1836–1845) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்க 1833இலேயே சட்டம் போட்ட பிரிட்டன், அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த ஒரு நாட்டை ஏன் அங்கீகரித்தது? ஒழிப்பு என்றதெல்லாம் வெறும் பேச்சுதானா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வெறும் பேச்சு இல்லை. ஆனால் எதை ஒழிக்கச் சொன்னார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

1840 நவம்பரில் லண்டனில் பிரிட்டனுக்கும் டெக்சஸுக்கும் இடையே மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று வணிகத்துக்கு, ஒன்று, டெக்சஸ் பிரிந்து வந்த மெக்சிகோவோடு சமரசம் பேச. மூன்றாவது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கடத்தி வருவதாகச் சந்தேகப்படும் கப்பலை நிறுத்திச் சோதிக்கும் உரிமைக்கு. வணிகம் வேண்டுமென்றால் இதிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் பிடிவாதமாக நின்றார். டெக்சஸ் சார்பில் கையெழுத்திட்டவர் ஜேம்ஸ் ஹாமில்டன். யார் இவர்? 1822இல் டென்மார்க் வீசி என்ற கறுப்பினத்தவர் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி, அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்களே, அப்போது தென் அமெரிக்க மாநிலங்களில் அல்ல, ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள சார்லஸ்டன் நகரத் தலைவராக இருந்து அந்த வேட்டையை நடத்தியவர். அதே கை இந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அவருக்கு அதில் தயக்கம் இருக்கக் காரணமே இல்லை. ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவருவதை 1836 டெக்சஸ் அரசியல் சட்டம் ஏற்கெனவே கடற்கொள்ளைக் குற்றமாக்கியிருந்தது, ஐக்கிய அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதைத் தவிர. அடிமைகளை விடுவிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. ஆக, ஒப்பந்தம் கடலைப் பார்த்தது. பக்கத்து அமெரிக்க மாநிலமான லூசியானாவின் எல்லையைத் தாண்டிச் சங்கிலியோடு நடந்து வந்தவர்களைப் பார்க்கவில்லை.

அப்புறம் பிரிட்டன் சும்மா இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1842இல் டெக்சஸுக்கு வந்த தூதர் சார்லஸ் எலியட் அடிமை முறையை அங்கே அடியோடு ஒழித்துவிட்டு வரியில்லா வணிகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று தன் அமைச்சகத்துக்கு எழுதினார். உலகெங்கும் அடிமை முறை ஒழிய வேண்டும் என்பதே தங்கள் விருப்பம் என்று 1843 டிசம்பரில் அப்போதைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் அபர்டீன் வாஷிங்டனுக்குத் தெரிவித்தார். அதற்கு 1844 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கால்ஹூன் எழுதிய பதில்தான் மோசம். விடுதலை பெற்ற கறுப்பர்களிடம் பைத்தியம் அதிகம் என்று தவறுகள் மலிந்த 1840 மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி, அடிமை முறையே அவர்களுக்கு நல்லது என்றார்.

அடுத்த ஆண்டே டெக்சஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது. 1850 கணக்கெடுப்பில் அங்கே 58,161 அடிமைகள்.