'போல' இருந்தும் உவமை இல்லையா?

கேள்வி: தமிழம்மாவுக்கு வணக்கம். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வில் 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி' பாட்டைக் கொடுத்து அணியை விளக்கச் சொன்னார்கள். அதில் 'போல்' இருந்ததால் உவமை அணி என்று எழுதினேன். மார்க் போய்விட்டது. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' குறளில் 'போல' எங்கேயும் இல்லை, அதனால் அணியே இல்லை என்று விட்டுவிட்டேன். அதுவும் போச்சு. 'போல வந்தா உவமைடா' என்றுதான் டியூஷன் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். மனப்பாடம் செய்யாமல் அணியைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இன்னொரு சந்தேகம்: எங்க ஆயா என் மாமாவைப் பார்த்து 'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதாம்' என்று அடிக்கடி சொல்லும். அதில் அணி இருக்கிறதா?
– பெயர் போட வேண்டாம், காசிமேடு.

பதில்: தம்பி, டியூஷன் அண்ணன் மேல் கோபப்படாதே. அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் உன் மார்க் போயிருக்கிறது.

மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில், விடியற்காலையில் உன் வீட்டில் யாராவது 'போட் வந்துடுச்சு போல' என்று சொல்லியிருப்பார்கள். இதில் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? ஒன்றுமில்லை, வெறும் ஊகம். 'மழை வரும் போல இருக்கு' என்பதும் அப்படித்தான். 'போல' என்ற சொல் இருந்தாலே உவமை ஆகிவிடாது. இல்லாவிட்டால் உவமை இல்லை என்றும் ஆகிவிடாது. போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று ஒப்புமை காட்டும் சொற்களான 12 உவம உருபுகளை அடுக்கிய நன்னூலார் (நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதியவர்), அதோடு நிறுத்தாமல் 'பிறவும்' என்று ஒரு சொல்லையும் சேர்த்து வைத்தார். நாம் பேசுகிற 'மாதிரி', 'கணக்கா' எல்லாம் அந்தப் 'பிறவும்' கணக்கில்தான் வரும்.

அதனால் சொல்லைத் தேடாதே, பொருளைத் தேடு. பாட்டைப் படித்ததும் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றனவா? இருந்தால், எந்த விஷயத்தில் ஒத்துப்போகின்றன? இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பிள்ளைகள் கேட்பதே இல்லை. தொல்காப்பியர் உவமவியலின் முதல் நூற்பாவிலேயே அதற்கு விடை வைத்திருக்கிறார்: 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்.' செயலால் ஒக்கலாம், பயனால் ஒக்கலாம், வடிவத்தால் ஒக்கலாம், நிறத்தால் ஒக்கலாம்.

நீ மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் போயிருப்பாய். அங்கே நாக்கு மீன் விற்கிறார்களே, அதற்கு ஏன் அந்தப் பெயர்? நாக்கு போலத் தட்டையாக, நீளமாக இருக்கிறது. ஒப்பு வடிவத்தில், அதாவது மெய்யில். நாக்கு போன்ற மீன் என்று விரியும். நடுவில் உருபு மறைந்திருப்பதால் உவமைத்தொகை. 'ரெண்டு கிலோ வவ்வால் குடு' என்று ஒரு அம்மா கேட்கிறாரே, அவருக்குப் பறக்கிற வௌவாலா வேண்டும்? வௌவாலின் பெயர் அந்த வடிவில் இருக்கிற மீனுக்கு ஆகி வந்திருக்கிறது. உவமையாகுபெயர். 'காளை வந்தான்' என்று புத்தகத்தில் இருக்கும் உதாரணத்துக்குப் பதிலாக இதை நினைவில் வைத்துக்கொள், மறக்காது.

உவமைத்தொகையையும் உருவகத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. முன்னால் எது நிற்கிறது என்று பார். 'தேன்தமிழ்' என்றால் தேன் போன்ற தமிழ், உவமைத்தொகை. 'தமிழ்த்தேன்' என்றால் தமிழாகிய தேன், உருவகம். உவமை பின்னால் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'பிறவிப் பெருங்கடல்' என்கிற பத்தாவது குறளைப் படிக்கும்போது காசிமேட்டுப் பையனான உனக்கு ஒன்று தோன்ற வேண்டும்: கடல் இருக்கிறது, நீந்துகிறார்கள், தெப்பம் எங்கே? பிறவியைக் கடலாக உருவகித்த வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக உருவகிக்காமல் விட்டுவிட்டார். ஒன்றை உருவகித்து, அதோடு சேர்ந்த இன்னொன்றை விட்டால் ஏகதேச உருவக அணி.

இப்போது உன்னைக் கவிழ்த்த சிலப்பதிகாரக் கொடிக்கு வருவோம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையப்போகிறார்கள். மதில்மேல் கொடி ஆடுகிறது. காற்று அடித்தால் கொடி ஆடத்தானே செய்யும்? ஆனால் கோவலன் அங்கே சாகப்போகிறான் என்று இளங்கோவுக்குத் தெரியும். அதனால் அந்தக் கொடி, 'வாரல்', அதாவது வராதே என்று கை காட்டி மறிப்பதாகச் சொல்கிறார். 'என்பன போல்' என்று உருபு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடி கையின் நிறத்தில் இருக்கிறது, கையின் வடிவத்தில் இருக்கிறது என்று அவர் சொல்ல வரவில்லை. இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் தன் மனத்தில் உள்ள குறிப்பை ஏற்றுகிறார். தன் குறிப்பு ஏற்றம், தற்குறிப்பேற்றம். பெயரைப் பிரித்தாலே இலக்கணம் வந்துவிடுகிறது, மனப்பாடம் எதற்கு?

நீயே ஒன்று செய்து பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். அலை வரும்போது ஒன்றை ஒன்று இடிக்கும். அலையால் இடிக்கின்றன என்றால் அது செய்தி. 'எப்பப்பா நம்மள அவுத்து விடுவாங்க' என்று பக்கத்துப் படகைத் தட்டிக் கேட்கின்றன என்று நீ எழுதினால் அது தற்குறிப்பேற்றம். பொதுத் தேர்வு முடிந்த கையோடு தடைக்காலமும் வந்துவிடும், போய்ப் பார்த்துவிட்டு எழுது.

'தேவர் அனையர் கயவர்' என்ற குறளிலும் இதே கண்ணி இருக்கிறது. 'அனையர்' என்றால் போன்றவர். கயவரைத் தேவரோடு ஒப்பிட்டுவிட்டாரே என்று உவமை அணி எழுதினால் போச்சு. இருவரும் தங்கள் இஷ்டப்படி நடப்பவர்கள் என்று அடுத்த அடியில் குத்துகிறார். புகழ்வது போல் பழித்தல், வஞ்சப்புகழ்ச்சி.

'கடலோடா கால்வல் நெடுந்தேர்' குறளில் நீ செய்த தவறு நேர் எதிரானது. கண்டெய்னர் லாரி எண்ணூர் நெடுஞ்சாலையில்தான் ஓடும், கடலில் ஓடாது. கப்பல் கடலில்தான் ஓடும், நெடுஞ்சாலையில் ஓடாது. இதைச் சொல்ல வள்ளுவர் எதற்கு? குறளில் வரும் தேரும் நாவாயும் (கப்பலும்) உவமைகள் மட்டும்தான். அவர் சொல்ல வந்த பொருள் குறளுக்குள் இல்லவே இல்லை. அதிகாரத்தின் பெயரைப் பார்: இடனறிதல். அவரவர் தமக்கு ஏற்ற இடத்தில்தான் வெல்ல முடியும் என்பதை நாம் கண்டுகொள்ள வேண்டும். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை மறைத்தால் பிறிதுமொழிதல் அணி. இதோடு 'அகர முதல' குறளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அதில் எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்று இரண்டு பக்கமும் கண்ணெதிரே இருக்கின்றன, உருபு மட்டும் இல்லை. அது எடுத்துக்காட்டு உவமை அணி. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்பதில் இரண்டு பக்கமும் உண்டு, உருபும் உண்டு. உவமை அணி. இந்த மூன்று குறளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி, எதில் எது காணோம் என்று பென்சிலால் குறித்துக்கொள். ஒரு மாலை நேரம் போதும்.

விடை எழுதுவது பற்றி ஒரே ஒரு வார்த்தை. பல வருஷம் விடைத்தாள் திருத்தியவள் சொல்கிறேன். பிள்ளைகள் அணியின் இலக்கணத்தை எழுதுகிறார்கள், பாட்டை எழுதுகிறார்கள், எழுந்து போய்விடுகிறார்கள். பொருத்திக் காட்டுவதில்லை. உவமை: தோண்டுபவரைத் தாங்கும் நிலம். உவமேயம்: இகழ்பவரைப் பொறுத்தல். உவம உருபு: போல. இதை எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் போட எனக்குக் கை வந்ததில்லை.

புத்தகத்துக்கு வெளியே உனக்காக ஒரு பாட்டு. நற்றிணையில் 284. பொருள் தேடப் போன ஒருவன் நடுவழியில் தவிக்கிறான். அவளிடம் திரும்பிப் போ என்கிறது நெஞ்சு. வேலையைப் பாதியில் விட்டால் இழிவு, அவசரப்படாதே என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கிற, புரி தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழியுமோ என்கிறான். புரி விட்டுப்போன கயிற்றை நீ துறைமுகத்தில் கையில் பிடித்தே பார்த்திருப்பாய். எந்த இடத்தில் அறும் என்று சொல்ல முடியாது. இதில் ஒப்பு வினையிலா, மெய்யிலா என்று யோசித்து வை. அந்தப் புலவரின் சொந்தப் பெயர் நமக்கு வரவில்லை. உவமையே பெயராகித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று நிற்கிறார். குறுந்தொகைப் புலவர் செம்புலப்பெயனீரார் கதையும் இதுதான்.

கடைசியாக உன் ஆயாவின் ஓநாய். செய்யுளில் வந்தால்தான் அணி என்று பெயர் வைப்போம், பேச்சில் அது பழமொழி. ஆனால் வேலை ஒன்றேதான். ஆடு யார், ஓநாய் யார் என்று ஆயா வாய் திறந்து சொல்லவில்லை பார், அசல் பிறிதுமொழிதல். அதிகாரத்தின் பெயருக்குப் பதிலாக அங்கே உன் மாமா உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பத்திரிகையை அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்.