டிசம்பர் அளவு மே மாதத்தில் ஏன் மீனைக் கொன்றது?

கேள்வி: மியன்மாரின் துவாந்தே பக்கம் ரோகு மீன் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறேன். டிசம்பரில் தாய்மீன்களை எடை பார்க்கக் கிராம்பு எண்ணெய் விட்டு மயக்கினோம். மீன் சாய ஆறு நிமிடம் ஆனதால் சொட்டைக் கூட்டி, நூறு லிட்டர் டிரம்முக்கு ஓர் அளவு பிடித்துக்கொண்டோம். மே மாதம் முட்டையிட வைக்கும் சினை ஊசி போட அதே அளவு விட்டபோது ஒரே நிமிடத்தில் புரண்டுவிட்டன. இரண்டு வீசை (மூன்று கிலோவுக்கு மேல்) எடையுள்ள தாய்மீன்கள் இரண்டு எழவே இல்லை. எண்ணெய் கெட்டுவிட்டதா? சோடா உப்புக் கலந்தால் சரியாகும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர்.

பதில்: எண்ணெய் கெடவில்லை ஐயா, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. வளர்த்த தாய்மீனை ஊசி போடும் நாளில் இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராம்பு எண்ணெயில் மயக்கம் தருவது யூஜினால் என்ற பொருள். அது தண்ணீரில் எளிதில் கரையாது, தண்ணீரைவிடக் கனமானதும்கூட. நேரடியாகச் சொட்டுவிட்டால், குளிர்ந்த தண்ணீரில் ஒரு பகுதி உருண்டைகளாக டிரம்மின் அடியில் போய்த் தங்கும். டிசம்பரில் உங்கள் மீன் தாமதமாகச் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். கரையாமல் கிடந்த எண்ணெயை ஈடுகட்டத்தான் சொட்டைக் கூட்டியிருக்கிறீர்கள். மே மாதத்து வெதுவெதுப்பில் அந்தச் சொட்டு நன்றாகக் கலந்து, முழு வேகத்தில் வேலை செய்துவிட்டது.

மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான். தண்ணீர் சூடேறினால் மூச்சும் இரத்த ஓட்டமும் வேகமாகி, செவுள் வழியே மருந்து மளமளவென்று உள்ளே போகும். அதே நேரம் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 22 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.7 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில் 7.3தான். சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், மயக்கத்திலோ செவுள் அசைவு தளர்ந்துவிடும். உங்கள் மீன்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் போயிருக்கும்.

இனி சொட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் பல்வலிக்கு வாங்கும் எண்ணெயாக இருந்தால், வேறு எண்ணெய் கலக்காததா என்று முதலில் பாருங்கள். 10 மில்லி எண்ணெயை 90 மில்லி எத்தனால் சாராயத்தில் கலந்து நன்றாகக் குலுக்குங்கள். இந்தக் கலவையின் ஒரு மில்லியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் எண்ணெய் இருக்கும். நூறு லிட்டருக்கு 40 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 40 மில்லிகிராம். குளிர்காலத்தில் அங்கிருந்து தொடங்கலாம். மே மாதச் சூட்டில் நான் 25 மில்லியில்தான் தொடங்குவேன். அன்றைய தண்ணீரில், விலை குறைந்த ஒரு மீனை முதலில் விட்டுப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் சாய்ந்து, நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்குள் நிமிர்ந்தால் அந்த அளவு சரி. ஒரே நிமிடத்தில் புரண்டால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, இன்னொரு மீனில் மறுபடி பாருங்கள்.

சோடா உப்பு வேண்டாம். எம்எஸ்-222 என்ற மயக்கத் தூள் தண்ணீரைப் புளிப்பாக்குவதால் அதற்குச் சோடா கலப்பார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் அதைக் கேள்விப்பட்டிருப்பார். கிராம்பு எண்ணெய்க்கு அந்தக் குறை கிடையாது. சோடா போட்டால் பிஎச் (தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறும், அப்போது மீன் கழிவின் அம்மோனியா நஞ்சாகும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும், பிஎச் 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டும். பச்சைப் பாசி படர்ந்த குளத்தில் பிற்பகலில் பிஎச் 9 வரைகூட ஏறும், அதனால் அந்த நேரத்துத் தண்ணீரை மொள்ளாதீர்கள். விடியற்காலையில் எடுத்து, தெளியவிட்டு, ஏர் பம்ப் போட்டு வையுங்கள். கலங்கல் தண்ணீரின் சேறும் கழிவும் எண்ணெயில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால் அளவு தப்பும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகவேண்டும்.

மழைக்காலத்தில் சேர்த்த மழைநீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. பதற்றத்தில் இருக்கும் மீன் தன் உடல் உப்பை அதில் இழந்துவிடும். மயக்கம் தெளிய மீனை விடும் மீட்பு டிரம்மில் நூறு லிட்டருக்கு 300 கிராம் கல்லுப்பு போடுங்கள்.

ஒரே தண்ணீரில் மீன் மாற்றி மீன் மயக்கும்போது எண்ணெய் குறையும், கோழையும் அம்மோனியாவும் சேரும். மயக்கம் தாமதமானால் எண்ணெயைக் கூட்டாமல் தண்ணீரையே மாற்றுங்கள். செவுள் மூடி அசைவு நின்றுவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, உடனே மீனை மீட்பு டிரம்முக்குக் கொண்டுபோய், வாய்க்குள் தண்ணீர் புகுந்து செவுள் வழியே வெளியேறும்படி முன்னோக்கி நகர்த்துங்கள். பின்னுக்கு இழுத்தால் செவுள் மடங்கும்.

மயக்கிய தாய்மீனை உடனே சந்தைக்கு அனுப்ப வேண்டாம். உண்ணும் மீனுக்குக் கிராம்பு எண்ணெயை அமெரிக்காவில் அனுமதிக்கவில்லை. குளத்தில் தனியே வலை கட்டி விட்டு, எந்த நாளில் மயக்கினீர்கள், தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மே மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டிரம்மை நிரப்பலாம்.