ஓர் அருங்காட்சியகம் நகரத்தின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துமா? ஆய்வு மாணவர் இதை எப்படி அளப்பது?

தனியாக நிறுத்தாது. எல்லோரும் ஸ்பெயினின் பில்பாவோவைத்தான் காட்டுவார்கள்: 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது, நொடித்துப்போன தொழில் நகரத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். ஆனால் 1995இலேயே அங்கு மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. சாக்கடையாகக் கிடந்த ஆற்றைச் சுத்தப்படுத்தும் பணி அதற்கும் முந்தையது. பெயரை மட்டும் அருங்காட்சியகம் தட்டிக்கொண்டு போனது.

பலர் சறுக்குவது கணக்கில்தான். உள்ளூர்க்காரர் சினிமாவுக்குப் பதில் நாடகத்துக்கு டிக்கெட் வாங்கினால் நகரத்துக்குப் புதுப் பணம் வரவில்லை. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது, அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களின் செலவைத் தனியே பிரியுங்கள். அவர்களிலும், எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களைக் கழித்துவிடுங்கள்.

வாடகையையும் பாருங்கள். நியூயார்க்கின் சோஹோவில் 1960களில் காலி ஆலைக் கட்டடங்களில் ஓவியர்கள் குடியேறினார்கள்; பகுதி பிரபலமானதும் வாடகை ஏறி, அவர்களில் பலரே வெளியேற நேர்ந்தது.