மசோதா நிறைவேறிவிட்டது என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார், என்ன செய்வது?

கேள்வி: நானும் மனைவியும் ஒரு வீட்டுமனை பேசி முடித்திருக்கிறோம். அடுத்த மாதம் பத்திரப்பதிவு. இதற்கிடையில், பத்திரப்பதிவு விதிகளை மாற்றும் மசோதா சட்டசபையில் நிறைவேறிவிட்டது, இனி கெடுபிடி அதிகமாகும், அதற்குள் "பழைய முறையிலேயே" முடித்துத் தருகிறேன் என்று புரோக்கர் 35,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணமாகக் கைப்பேசி வழியாக அனுப்பிவிட்டேன். மசோதா நிறைவேறினாலே சட்டம்தானா? நானே தெரிந்துகொள்ள வழி உண்டா? – விருதுநகர் மாவட்ட வாசகர்

பதில்: மீதி 30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பேரவையில் மசோதா நிறைவேறியதால் மட்டும் உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் எதுவும் மாறாது. மாறுவதற்கு இன்னும் மூன்று, சில சமயம் நான்கு படிகள் பாக்கி இருக்கின்றன. அவை முடிய ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

எந்த மசோதா என்று நீங்கள் எழுதவில்லை. புரோக்கரும் சொல்லியிருக்க மாட்டார். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: மசோதாவின் பெயர் என்ன, எண் என்ன, எந்த வருடத்தது? சட்டசபைக்கு வரும் ஒவ்வொரு மசோதாவுக்கும் வருடத்தோடு சேர்ந்த ஓர் எண் உண்டு. பத்திரிகைகள் மசோதா என்று எழுதுவதை அரசு ஆவணங்களில் "சட்டமுன்வடிவு" என்ற பெயரில் தேட வேண்டும். எண்ணைச் சொல்ல முடியாதவர் செய்தித் தலைப்பைத் தவிர வேறெதையும் படித்திருக்க மாட்டார்.

அவர் சொல்வது மசோதாவே இல்லாமலும் இருக்கலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில் அமைச்சர் படிக்கும் அறிவிப்பு, பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் வெளியிடும் அறிவிப்பு, துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் உள்ள ஒரு வரி ஆகிய மூன்றும் மாலைச் செய்தியில் "சட்டம் வருகிறது" என்றே வரும். மூன்றும் அரசின் எண்ணத்தைச் சொல்பவை, அவ்வளவுதான். மசோதா என்றாலும் "தாக்கல்" என்று செய்தி வந்தால் அறிமுகம் மட்டுமே நடந்திருக்கிறது. அதன் பிறகு ஆய்வுக்கு எடுத்து, பிரிவு பிரிவாக வாக்குக்கு விட்டு நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 1986இல் மேலவை கலைக்கப்பட்டுவிட்டதால் பேரவை என்ற ஒரே அவைதான். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் வரிசையாக வரும், சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக நிறைவேறும். லட்சக்கணக்கான குடும்பங்களின் சொத்தைத் தொடும் பிரிவுகளை இப்படி ஓட்டமாக ஓட்டிவிட்டு, அதன் பொருளை மக்கள் புரோக்கரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் விடுவது பெரிய தவறு.

நிறைவேறிய மசோதா ஆளுநருக்குப் போகும். அவர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கலாம். இதற்குக் கெடு நாள் கிடையாது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்தபோது, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்று கருத்துரைத்தது. ஆகவே "இத்தனை நாளில் சட்டமாகிவிடும்" என்று யாராவது தேதி சொன்னால் அது அவர் வாயிலிருந்து வந்த தேதி.

உங்கள் விஷயத்தில் இன்னொரு படியும் உண்டு. பத்திரப்பதிவுச் சட்டம் 1908இல் வந்த மத்தியச் சட்டம். பத்திரப்பதிவு பொதுப் பட்டியலில் இருப்பதால் அதை மாநிலமும் திருத்தலாம். ஆனால் மத்தியச் சட்டத்தோடு முரண்படும் திருத்தம் இங்கே செல்லுபடியாக வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இதை மசோதாவின் பெயரிலேயே ஊகித்துவிடலாம். "பதிவு (தமிழ்நாடு திருத்தம்)", "தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தம்)" என்று பெயருக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் தமிழ்நாடு வந்தால் மத்தியச் சட்டத்தைத் தொடுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது கோப்பு டெல்லிவரை போக வாய்ப்பு அதிகம்.

போலிப் பத்திரங்களைத் தடுக்க வந்த பதிவுத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது 2021 செப்டம்பரில். அது நடைமுறைக்கு வந்தது 2022 ஆகஸ்ட் 16 அன்று. இடைப்பட்ட பதினோரு மாதமும் பழைய சட்டப்படியே பதிவு நடந்தது. அந்தத் திருத்தத்தில் மாவட்டப் பதிவாளருக்குப் போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரம் கொடுத்த 77-அ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு அச்சாகியிருப்பதைக் காட்டி யாராவது காசு கேட்டால் இதையும் நினைவில் வையுங்கள்.

நிறைவேறிய மசோதா சட்டமாகாமலே போவதும் உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேரவை கலைந்தால் எல்லா மசோதாவும் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பேரவையில் நிலுவையில் இருப்பவை காலாவதியாகும். பேரவை நிறைவேற்றி ஒப்புதலுக்குக் காத்திருப்பவை காலாவதியாகாது.

ஒப்புதல் வந்த பிறகு சட்டம் தமிழ்நாடு அரசிதழில் வெளியாகும். நீங்கள் நேராகப் பார்க்க வேண்டிய இடம் இது. எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் அரசிதழ்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான்காம் பகுதியில் இரண்டு பிரிவுகள் இருக்கும். முதல் பிரிவு மசோதாக்களுக்கு, இரண்டாம் பிரிவு சட்டங்களுக்கும் அவசரச் சட்டங்களுக்கும். புரோக்கர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "சட்ட நகல்" பெரும்பாலும் முதல் பிரிவிலிருந்து எடுத்த மசோதாவாக இருக்கும். அரசு முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தலைப்பில் "தமிழ்நாடு சட்டம் எண்" என்றும், அதை ஒட்டி எந்தத் தேதியில் யாருடைய ஒப்புதல் கிடைத்தது என்றும் இருந்தால்தான் அது சட்டம்.

அங்கேயும் நின்றுவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவைப் படியுங்கள், "குறுந்தலைப்பும் தொடக்கமும்" என்று இருக்கும். அதன் இரண்டாம் உட்பிரிவில்தான் எப்போதிலிருந்து என்பது இருக்கும். "உடனடியாக" என்றோ குறிப்பிட்ட தேதியோ இருந்தால் குழப்பமில்லை. தேதியே சொல்லாவிட்டால் ஒப்புதல் அரசிதழில் வெளியான நாளிலிருந்து. "அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியிலிருந்து" என்று இருந்தால், அந்த அறிவிக்கை தனியாக அரசிதழில் வரும்வரை சட்டம் அச்சில் மட்டும்தான் இருக்கிறது. படித்தவர்கள்கூட ஏமாறும் இடம் இது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் 2017ஆம் ஆண்டின் 42ஆவது சட்டம். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்று. பெயரில் 2017 இருப்பதைப் பார்த்து அன்றே அமலானது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அமலாகும் தேதியை ஒரே பக்கத்தில், தமிழில், எல்லாருக்கும் புரியும்படி ஒவ்வொரு சட்டத்துக்கும் அரசு போட்டுவைத்தால் புரோக்கர் தொழிலில் பாதி படுத்துவிடும். அதைச் செய்யாமல் பொதுமக்களை அரசிதழ்க் குவியலில் தேடவிடுகிறார்கள்.

ஒரே ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தலைகீழாக ஏமாறலாம். பேரவை கூடாத காலத்தில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். அது வெளியான உடனே சட்டம்தான். பிறகு பேரவை கூடும்போது அதற்குப் பதிலாக மசோதா கொண்டுவருவார்கள். செய்தியில் "மசோதா நிறைவேற்றம்" என்று அப்போதுதான் வரும், ஆனால் விதி முன்பே அமலில் இருக்கலாம். ஜல்லிக்கட்டு விஷயத்தில் அவசரச் சட்டம் 2017 ஜனவரி 21 அன்று வந்தது, மசோதா 23 அன்று நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அந்த மாத இறுதிக்குள் வந்தது. இடைவெளியே இல்லை. இணையவழிச் சூதாட்டத் தடையில் அப்படி நடக்கவில்லை. 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம், அக்டோபர் 19 அன்று மசோதா நிறைவேற்றம். பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் அவசரச் சட்டத்துக்கு ஆயுள். பேரவை கூடியது அக்டோபர் 17, ஆகவே நவம்பர் 27 உடன் அது காலாவதியானது. மசோதாவுக்கு அதற்குள் ஒப்புதல் வரவில்லை. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், அதே மாதம் 23 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் தடை இல்லாமலே கிடந்தது. ஆகவே உங்கள் மசோதாவுக்கு முன் அவசரச் சட்டம் ஏதாவது வந்ததா என்று ஒருமுறை பாருங்கள். மசோதாவோடு இருக்கும் "நோக்க காரண விளக்கவுரை"யில் அதைச் சொல்லியிருப்பார்கள். அப்படி இருந்தால் ஆறு வாரக் கணக்கை நாட்காட்டியில் போட்டுப் பாருங்கள்.

இனி "பழைய முறை" என்பதற்கு வருவோம். பெரும்பாலும் இதன் அர்த்தம் பழைய தேதியிட்ட முத்திரைத்தாள். பத்திரம் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்ற விதியை வைத்து விளையாடுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதியதாகத் தேதி போட்டால் புதுச் சட்டம் ஒட்டாது என்பார்கள். நம்பாதீர்கள். பதிவுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்பது பொதுவாகத் தாக்கல் செய்யும் நாளின் விதிப்படிதான் பார்க்கப்படும். முத்திரைத்தாள் எந்தத் தேதியில் யார் பெயரில் விற்கப்பட்டது என்பது விற்பனையாளரின் பதிவேட்டில் இருக்கும். பதிவு அலுவலரிடம் தெரிந்தே பொய் சொன்னால் பதிவுச் சட்டத்தின் 82ஆவது பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. கையெழுத்துப் போடுவது நீங்கள், புரோக்கர் அல்ல.

செலவு கூடிவிடும் என்று பயமுறுத்தினாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைப் பத்திரத்துக்கு இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம், நிலத்துக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பு போன்றவை மாற மசோதாவே தேவையில்லை, அரசாணையிலும் அறிவிக்கையிலும் மாறிவிடும். 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரல் 1 முதல் அரசாணையில் வந்ததுதான். உங்கள் மனை அந்த மதிப்புக்குள் இருந்தால் மனைவி பெயரில் பதிவதைப் பற்றி யோசியுங்கள். தீர்வையும் கட்டணமும் பதிவுத் துறை இணையதளத்திலேயே கட்டலாம், அதற்குப் புரோக்கர் கையில் ரொக்கம் தர வேண்டியதில்லை.

அரசிதழில் தேடிக் கிடைக்காவிட்டால், வணிகவரி மற்றும் பதிவுத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "இன்ன எண் சட்டமுன்வடிவுக்கு ஒப்புதல் கிடைத்த தேதி, அரசிதழில் வெளியான தேதி, நடைமுறைக்கு வந்த தேதி, அறிவிக்கையின் நகல்" என்று நான்கை மட்டும் கேளுங்கள். "ஏன் தாமதம்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்குள் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தின் அசலை விற்பவர் கையிலேயே பார்த்துச் சரிபாருங்கள், நகல் காட்டினால் காரணம் கேளுங்கள். பட்டாவும் மனைப்பிரிவு அனுமதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். புதுச் சட்டம் கேட்கப் போவதாகச் சொல்லும் ஆவணங்கள் பெரும்பாலும் நீங்கள் எப்படியும் பார்த்திருக்க வேண்டியவைதான். அவற்றைப் பார்க்க நேரம் கொடுக்காமல் விரட்டும் புரோக்கர் உங்களுக்காக விரட்டவில்லை.

அனுப்பிய 5,000 ரூபாய்க்குக் கைப்பேசிப் பரிவர்த்தனைப் பதிவு இருக்கிறது, அதை அழிக்காதீர்கள். எந்த வேலைக்காக வாங்கினார், ரசீது எங்கே என்று அவருக்கு எழுத்தில் கேளுங்கள், பேச்சில் வேண்டாம். அசல் ஆவணம் எதையாவது அவரிடம் கொடுத்திருந்தால் பணத்துக்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.