அலுவலகக் கட்டடத்தின் திசையமைவு என்றால் என்ன? திருகோணமலையில் அது ஏன் முக்கியம்?

கட்டடத்தின் நீளமான பக்கங்களும் பெரிய யன்னல்களும் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதுதான் திசையமைவு. இதை முதல் கோடு போடும்போதே தீர்மானிக்க வேண்டும், கட்டியபின் திருப்ப முடியாது.

திருகோணமலை ஏறத்தாழ 8.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் உயரத்திலேயே நிற்கும்: ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை சற்று வடக்கே, மற்றக் காலத்தில் தெற்கே. ஆகவே வடக்கு, தெற்கு யன்னல்களுக்கு மேலே நீட்டிய ஒரு கொங்கிரீட் தட்டே பெரும்பாலும் நிழல் தந்துவிடும். மேற்கு வெயில் அப்படியில்லை. தலைக்கு மேல் குடை பிடித்திருந்தாலும் மாலை வெயில் முகத்தில் அடிக்கும் அல்லவா, அதேபோல் தட்டுக்குக் கீழால் நுழைந்து மேசைவரை வந்துவிடும். கச்சான் எனப்படும் சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கொடுமை. திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டு வேலை செய்வார்கள்.

உள்துறைமுகக் காட்சிக்காக மேற்கே முழுக் கண்ணாடி வைக்கும் ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் களஞ்சிய அறையும்தான் பொருத்தம். காட்சி கட்டாயம் வேண்டுமென்றால் வெளியே நிலைக்குத்தான மறைப்புப் பலகைகள் வையுங்கள்.

உள்ளே திரை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திரையில் படும் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்து வந்துவிட்டது, அதன் சூட்டில் பெரும்பகுதியை ஏசிதான் வெளியேற்ற வேண்டும்.