மலைச் சரிவில் டெல்டா வண்டலைக் கொட்டி விவசாயம் செய்யலாமா?

"கொடைக்கானல் பக்கம் சரிவில் கொஞ்சம் நிலம் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை. எங்கள் ஊர் வண்டலை லாரியில் ஏற்றிப் போய்ப் பரப்பினால் விளையுமா?" என்று திருவாரூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாங்க. பணம் போவது ஒரு பக்கம், உயிருக்கே ஆபத்து.

நான் மன்னார்குடி பக்கம் நெல் விவசாயம் செய்கிறவன். நம்மூரில் போர் போட்டால் களி, மணல், மறுபடி களி என்று வந்துகொண்டே இருக்கும், பாறை தட்டாது. அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் மண் என்றாலே ஆழம் இருக்கும் என்று நமக்குப் பழகிப்போய்விட்டது.

மலையில் கணக்கு வேறு. பாறை வெயிலிலும் மழையிலும் வெடித்து, பொடிந்து ஒரு சென்டிமீட்டர் மண்ணாக நூறு வருஷம் ஆகும், பல இடங்களில் அதற்கும் மேல். சமதளத்தில் அது தங்கிச் சேரும். செங்குத்துச் சரிவிலோ மழை வழித்துக்கொண்டு போய்விடும். உண்டாவதும் போவதும் எங்கே சரிக்குச் சரியாகிறதோ அதுதான் அங்கே மண்ணின் ஆழம். அந்தச் சரிவு ஒரு சாண்தான் தாங்கும் என்றால் நீங்கள் நாலடி கொட்டினாலும் நிற்காது. இப்படி 25 செ.மீ.க்குள் பாறை தட்டும் மண்ணை மண்ணியலில் லெப்டோசால் என்பார்கள். உலகத்திலேயே அதிகப் பரப்பில் இருக்கும் மண் வகை இதுதான், சுமார் 160 கோடி ஹெக்டேர்.

சாலைக்காக மலையை வெட்டிய ஓரத்தில் நின்று பாருங்கள். மேலே புல்வேர் பின்னிய கறுப்பு மண். குளிரில் வேரும் சருகும் மெதுவாக மக்குவதால் அந்த நிறம். அடுத்து முனை மழுங்காத கற்கள், இடுக்குகளில் கொஞ்சம் மண். அப்புறம் பாறை. மழை விட்ட மறுநாளும் மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். சறுக்குவது அங்கேதான். நம் வண்டல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், அடியில் பிடிமானம் இருக்காது. 2018 ஆகஸ்டில் குடகிலும், 2020 ஆகஸ்டில் காவிரி பிறக்கும் தலைக்காவிரியிலேயே பிரம்மகிரி மலையிலும் பெருமழையில் மண் சரிந்து உயிர்கள் போயின. இருந்த மண்ணுக்கே அந்தக் கதி என்றால் கொட்டிய மண் எப்படி நிற்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வண்டலே மலைகளிலிருந்தும் மேட்டு நிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஆற்றோடு இறங்கி வந்ததுதான். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அதில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. நம் வயலுக்குப் புதிதாக வருவது குறைந்துபோச்சு. இருக்கிறதையும் அள்ளி லாரியில் ஏற்றுவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்படியானால் அந்த நிலம் வீணா என்றால், இல்லை. ஒரு சாண் மண்ணில், அதிலும் பாதி கல் என்றால், பத்துப் பதினைந்து மி.மீ. மழைநீர்தான் தங்கும். நாலு நாள் வெயிலடித்தால் நெல்லும் காய்கறியும் வாடிவிடும். ஆனால் மலைப்புல்லுக்கும் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் அது போதும். அந்தப் புல்வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள். சோலைக்காடுகள் பெரும்பாலும் மடிப்புகளில், மண் இறங்கிச் சேர்ந்த இடங்களில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பூம்பாறையில் படிப்படியாக நிலம் அமைத்து மலைப்பூண்டு போடுகிறார்கள். அது அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பராமரிப்பது, பொக்லைன் வைத்து ஒரு வாரத்தில் வருவதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஊர் ஆள் ஒருவரோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போங்கள். மேட்டில், நடுச்சரிவில், மடிப்பில் என்று பல இடங்களில் குத்திப் பாருங்கள். மடிப்பில் மூன்றடி இறங்கினால் அந்தத் துண்டில் மட்டும் பயிர் வைக்கலாம், தண்ணீர் ஓடும் வழியை மட்டும் அடைக்கக் கூடாது. எல்லா இடத்திலும் ஒரு சாணில் கல் தட்டினால் வேறு நிலம் பாருங்கள்.