இடைக்கால உத்தரவுக்கு அப்பீல் உண்டா?

கேள்வி: மாட்டுங்காவில் அப்பா கட்டிய கட்டடத்தில் பங்கு கேட்டு, மும்பை உயர் நீதிமன்றத்தில் அண்ணன் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறேன். வழக்கு முடியும்வரை அவர் அதை விற்கக் கூடாது என்று தடை கேட்டேன். தனி நீதிபதி மறுத்துவிட்டார். அன்றைக்கே, பதிலுரை தாக்கல் செய்ய அண்ணனுக்கு மூன்று வாரம் அவகாசமும் கொடுத்தார். “இதெல்லாம் தீர்ப்பே இல்லை, அப்பீல் போக முடியாது” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரிதானா? (வாசகி, சயான்)

பதில்: பாதி சரி. ஆனால் உங்களுக்கு வேண்டிய பாதி தப்பு.

தனி நீதிபதியின் ‘தீர்ப்பை’ எதிர்த்து அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்சுக்கு, அதாவது இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம் என்கிறது 1865-ஆம் வருட லெட்டர்ஸ் பேடண்டின் (உயர் நீதிமன்றத்தின் அதிகாரங்களைச் சொல்லும் அரச சாசனம்) 15-ஆவது பிரிவு. எது தீர்ப்பு என்பதில்தான் சண்டை. 1872-ல் கல்கத்தாவில் ஓரியண்டல் காஸ் கம்பெனி வழக்கில் சர் ரிச்சர்ட் கௌச் ஒரு விளக்கம் சொன்னார். (நம் பம்பாயில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு அங்கே போனவர்தான்.) இரு தரப்புக்கும் இடையில் ஏதோ ஓர் உரிமையையோ பொறுப்பையோ முடிவு செய்து, தகராறின் அடிப்படையைத் தொட்டால் அது தீர்ப்பு, இடைக்கால உத்தரவாக இருந்தாலும் சரி என்றார். காஸ் விளக்கெல்லாம் அணைந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அந்த வரியை மட்டும் நாங்கள் இன்னும் கோர்ட்டில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது 1981-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஷா பாபுலால் கிம்ஜி தீர்ப்பு. அதுவும் மும்பையிலிருந்து போனதுதான். தனி நீதிபதி இன்ஜங்ஷன் (நீங்கள் கேட்டது போன்ற தடை உத்தரவு) மறுத்தார். அப்பீலே கிடையாது என்று டிவிஷன் பெஞ்ச் திருப்பி அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்தெந்த உத்தரவுகளுக்கு அப்பீல் உண்டு என்று சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 43, ரூல் 1 பட்டியலிலேயே இன்ஜங்ஷன் மறுப்பு இருக்கிறது. ஆகவே தனி நீதிபதி மறுத்தாலும் அப்பீல் உண்டு என்றது.

அவகாசம் கொடுத்ததை விட்டுவிடுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அதில் உங்கள் உரிமை எதுவும் முடிவாகவில்லை, அப்பீல் நிற்காது.

கெடு 30 நாள். இன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் தயாராக ஆகும் நாட்கள் அந்த 30 நாள் கணக்கில் சேராது. அப்பீலோடு சேர்த்து, அது முடியும்வரை விற்பனைக்குத் தடை கேட்டும் தனி மனு போடச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால், அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் அண்ணன் கிரயம் எழுதிக் கொடுத்துவிடலாம்.